சிலுவையும் செங்கோலும் – 9: பாவம் செய்யாமல் இருக்க முடியுமா?

கி.பி. 410 ஆகஸ்ட் 24 அன்று அலாரிக்கின் கோத்துப் படை ரோமுக்குள் நுழைந்து மூன்று நாள் கொள்ளையடித்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். வசதி உள்ளவர்கள் கப்பல் பிடித்துத் தப்பினார்கள். சிலர் சிசிலியோடு நின்றார்கள். பலர் கடல் தாண்டி வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த அகதிகளில் பிரிட்டனில் பிறந்த துறவி ஒருவரும் உண்டு. பெயர் பெலாகியுஸ். குருப்பட்டம் வாங்காதவர். நல்ல ஆகிருதி. பின்னாளில் அவரைத் திட்டித் தீர்த்த வேத அறிஞர் ஜெரோம், கஞ்சி குடித்தே கொழுத்த ஆள் என்று கேலி செய்திருக்கிறார்.

ஆப்பிரிக்காவில் அவர் முதலில் கரையிறங்கியது ஹிப்போ துறைமுகத்தில். இன்று அல்ஜீரியாவில் இருக்கும் அன்னாபா நகரம்தான் அது. அவ்வூர் ஆயரான அகுஸ்தீன் அப்போது ஊரில் இல்லை. பிறகு கார்த்தேஜில் ஓரிரு முறை பெலாகியுஸின் முகத்தைப் பார்த்ததாக அகுஸ்தீனே எழுதியிருக்கிறார். பேச நேரமில்லை. தொனாத்தியர்கள் என்ற பிரிவினைக் கிறிஸ்தவர்களோடு 411இல் நடந்த மாநாட்டு வேலை கழுத்துவரை இருந்தது. அதற்கப்புறம் இருவரும் சந்திக்கவே இல்லை. கிறிஸ்தவ வரலாற்றின் மிக நீண்ட வழக்கொன்று, வாதியும் பிரதிவாதியும் ஒருநாளும் உட்கார்ந்து பேசாமல் நடந்தேறியது.

வழக்கு இதுதான்: மனிதன் மனது வைத்தால் பாவமே செய்யாமல் வாழ முடியுமா? முடியும் என்றார் பெலாகியுஸ். முடியாது என்றார் அகுஸ்தீன். முடியும் என்றால், கிறிஸ்து எதற்காகச் சிலுவையில் சாக வேண்டும், பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானம் எதற்கு என்று கேட்பார்கள். முடியாது என்றால், செய்ய முடியாததைச் செய்யவில்லை என்பதற்காகக் கடவுள் ஒருவனைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்பார்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சிக்கல்தான்.

பெலாகியுஸின் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தோற்றவர் என்பதால் அவரைப் பற்றி அவருடைய எதிரிகள் சொன்னதே அதிகம் புழங்குகிறது. அவர் ரோமில் வாழ்ந்த காலத்தில் கிறிஸ்தவம் அரச மதமாகிவிட்டது. பதவிக்கும் நல்ல இடத்துச் சம்பந்தத்துக்கும் கிறிஸ்தவனாக இருப்பது வசதி. ஞானஸ்நானத்தைச் சாவுப் படுக்கைவரை தள்ளிப்போட்டவர்கள் இருந்தார்கள். பெற்றுக்கொண்டும் பழையபடியே அடிமைகளை அடித்துக்கொண்டு, வட்டி வாங்கிக்கொண்டு வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். கேட்டால், “நாமெல்லாம் பலவீனமான மனிதர்கள்தானே” என்ற பதில் தயாராக இருந்தது. பெலாகியுஸுக்கு அந்தப் பதிலைக் கேட்டாலே ஆகாது. படைத்தவன் கடவுள், கட்டளையிட்டவனும் கடவுள். தான் படைத்த உயிரின் சக்தி என்னவென்று தெரியாமலா அவன் கட்டளையிட்டான்? முடியாததைச் செய்யச் சொல்லிவிட்டுச் செய்யவில்லை என்று தண்டித்தால் அவன் கடவுளா, கொடுங்கோலனா?

அவர் இதை ஒழுங்காகப் பிரித்தும் காட்டினார். நன்மை செய்யும் ஆற்றல், செய்ய வேண்டும் என்ற விருப்பம், செய்து முடிக்கும் செயல் என மூன்று. ஆற்றல் கடவுள் கொடுத்தது. அதில் நமக்குப் பெருமை இல்லை. மற்ற இரண்டும் நம் கையில். அப்படியானால் உலகம் ஏன் இவ்வளவு கெட்டுக் கிடக்கிறது? பழக்கம் என்றார். சிறு வயதிலிருந்து பழகிய தீமை, நாளடைவில் பிறவிக் குணம்போலவே ஒட்டிக்கொள்கிறது. ஆதாம் நமக்கு விட்டுப்போனது கெட்ட முன்மாதிரி மட்டுமே.

405 வாக்கில் ரோமில் ஒரு சம்பவம். அகுஸ்தீன் தன் ஆன்ம வாழ்வைக் கடவுளிடமே பேசுவதுபோல எழுதிய நூல் வெளிவந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அதில் ஒரு மன்றாட்டு. கடவுள் எதைக் கட்டளையிட்டாலும் சரி, அதை நிறைவேற்றும் சக்தியையும் அவரே தர வேண்டும் என்பது அதன் சாரம். ஆயர் ஒருவர் பெலாகியுஸின் முன்னால் இதை எடுத்துச் சொல்லிவிட்டார். பெலாகியுஸ் பொறுக்க மாட்டாமல் கொதித்தெழுந்து, அந்த ஆயரோடு கிட்டத்தட்டச் சண்டைக்கே போய்விட்டாராம். உழைக்காமல் கூலி கேட்கும் வேண்டுதலாக அது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

அந்த மன்றாட்டை எழுதியவருக்கோ, அது ஒழுக்க நூலில் படித்த பாடமில்லை, பட்டுத் தெரிந்தது. அகுஸ்தீன் 354இல் தகாஸ்தே என்ற ஆப்பிரிக்கச் சிற்றூரில் பிறந்தவர். பதினாறு வயதில் ஒரு கூட்டத்தோடு இரவில் போய்ப் பேரிக்காய் மரம் ஒன்றை உலுக்கிக் கொள்ளையடித்தார். காய் பார்க்கவும் நன்றாக இல்லை, ருசியும் இல்லை. வீட்டில் அதைவிட நல்ல பழம் இருந்தது. ஏதோ ஒன்றிரண்டைக் கடித்துவிட்டு மீதியைப் பன்றிகளுக்குப் போட்டார்கள். நாற்பது வயதைத் தாண்டி ஆயராக உட்கார்ந்து இதை எழுதும்போதும், ‘ஏன் செய்தேன்?’ என்ற கேள்வி அவரை விடவில்லை. பசியில்லை, தேவையில்லை, தவறு என்பதற்காகவே அந்தத் தவறு இனித்தது. பிறகு ஒன்பது ஆண்டுகள் மானி மதத்தில் கழிந்தன. நன்மைக்கு ஒரு சக்தி, தீமைக்கு ஒரு சக்தி என்ற மதம் அது. மிலானில் ஒரு தோட்டத்தில் 386இல் மனம் திரும்பியதற்கு முந்தைய மாதங்களில் அவர் பட்டபாடு அந்த நூலின் நடுப்பகுதி முழுக்க இருக்கிறது. கையை அசை என்று மனம் சொன்னால் கை அசைகிறது. மாறு என்று மனம் தனக்கே சொல்லிக்கொண்டால் மட்டும் அது கேட்பதில்லை. இந்த ஆளிடம் போய் ‘மனது வைத்தால் முடியும்’ என்றால் என்ன செய்வார்?

ஆனால் பெலாகியுஸின் கையில் ஓர் ஆயுதம் இருந்தது. 388இல் அகுஸ்தீன் மானி மதத்தாரை மறுக்கவென்று சுயசித்தம் பற்றி ஒரு நூல் எழுதத் தொடங்கினார். பாவம் மனிதனின் சொந்த விருப்பத்தால் வருகிறது, யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை என்று அதில் வாதிட்டிருந்தார். பெலாகியுஸ் தன் புத்தகத்தில் அதிலிருந்தே எடுத்துப் போட்டார். அகுஸ்தீனை வைத்தே அகுஸ்தீனை மடக்கும் வேலை. உண்மையில், 396இல் பவுலின் ரோமர் நிருபத்துக்கு மிலானின் சிம்பிளிசியானுக்காக விளக்கம் எழுதியபோதே அகுஸ்தீனின் கருத்து வேறு பக்கம் திரும்பிவிட்டது. அந்த விளக்கத்தில் சுயசித்தத்துக்காகத் தான் எவ்வளவோ போராடியும் கடைசியில் கடவுளின் கிருபையே ஜெயித்தது என்று முதுமையில் அவரே ஒப்புக்கொண்டார்.

வழக்கை முதலில் நீதிமன்றத்துக்கு இழுத்தது இவர்கள் இருவரும் இல்லை. பெலாகியுஸின் சீடர் செலஸ்தியுஸ், வக்கீல் குடும்பத்து வாயோடு பிறந்தவர்போலப் பேசுகிற ஆள், 411இல் கார்த்தேஜில் குருப்பட்டம் கேட்டார். மிலானிலிருந்து வந்திருந்த பவுலினுஸ் என்ற தியாக்கோன் எழுந்து குற்றப்பட்டியல் வாசித்தார். ஆதாம் பாவம் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் செத்தே இருப்பான். அவன் பாவம் அவனோடு போயிற்று. பிறக்கும் குழந்தை, ஆதாம் விழுவதற்கு முன் இருந்த நிலையில்தான் பிறக்கிறது. கிறிஸ்து வருவதற்கு முன்பும் பாவமில்லாத மனிதர்கள் இருந்தார்கள்: இவையெல்லாம் செலஸ்தியுஸ் சொன்னவை என்றார். செலஸ்தியுஸ் பின்வாங்கவில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே. ஆதாமின் பாவம் வழிவழியாக வருகிறதா என்பதில் திருச்சபைக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு, அது திறந்த கேள்வி என்றார். சபை ஏற்கவில்லை. தண்டிக்கப்பட்டவர் எபேசுக்குப் போய் அங்கே பட்டம் வாங்கிக்கொண்டார்.

கவனிக்க வேண்டிய இடம் இது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் ஆப்பிரிக்கத் திருச்சபையில் முன்பே இருந்தது. பாவமன்னிப்புக்கான ஞானஸ்நானம் என்றே அதைக் கொடுத்தார்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தை என்ன பாவம் செய்தது? எதுவும் செய்யவில்லை. அப்படியானால் அது பிறக்கும்போதே கொண்டுவந்த பாவமாக இருக்க வேண்டும். அகுஸ்தீனின் வாதத்தில் பாதி இந்தத் தர்க்கத்தின் மேல்தான் நிற்கிறது. சடங்கு முன்னே போனது, கோட்பாடு பின்னே வந்தது. குழந்தை ஞானஸ்நானமா, முழுக்கு ஞானஸ்நானமா என்று நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் இன்றும் கல்யாண வீடுகளில் சண்டை போட்டுக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு, இந்தக் கேள்வி எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று தெரியும்.

413 வாக்கில் கார்த்தேஜில் இன்னொரு காட்சி. ரோமின் மிகப் பெரிய பணக்காரக் குடும்பங்களில் ஒன்றான அனிசி வம்சம் அங்கே தங்கியிருந்தது. பேத்தி தெமெத்ரியாஸுக்குக் கல்யாண ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நாள் நெருங்கியபோது, அந்தப் பெண் நகையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, முரட்டுத் துணி உடுத்தி, பாட்டி புரோபாவின் காலில் வந்து விழுந்தாள், கன்னியாகவே வாழ்வேன் என்று. ஜெரோம் இதை நாடகம்போல விவரித்திருக்கிறார். குடும்பம் அதை ஊரறியக் கொண்டாடியது. அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களிடமெல்லாம் பேத்திக்கு அறிவுரைக் கடிதம் கேட்டு ஆள் அனுப்பினார்கள். பெத்லகேமிலிருந்து ஜெரோம் எழுதினார். பெலாகியுஸும் எழுதினார், அவர் எழுதியதில் சிறந்தது அந்தக் கடிதம்தான். மனித இயல்பால் என்னவெல்லாம் முடியும் என்று முதலில் காட்டுவேன், பிறகுதான் வழி சொல்வேன் என்று தொடங்குகிறார். குலப்பெருமையும் செல்வமும் பிறர் தந்தவை, ஆன்மச் செல்வம் மட்டும் நீயே சம்பாதித்தது என்று அந்தப் பெண்ணைத் தட்டிக்கொடுக்கிறார்.

இந்தக் கடைசிக் கருத்தைத்தான் அகுஸ்தீன் பிடித்துக்கொண்டார். சில ஆண்டுகள் கழித்து அவரும் நண்பர் அலிப்பியுஸும் தெமெத்ரியாஸின் தாய் யூலியானாவுக்கு எழுதிய கடிதத்தில், இந்தப் போதனை விஷம், உங்கள் மகள் இதை நம்பிவிடக் கூடாது என்று எச்சரித்தார்கள். தன் நற்குணம் தன்னால் வந்தது என்று நினைப்பவளுக்கு நன்றி சொல்ல யார் இருக்கிறார்கள்?

என் தீர்ப்பை ஒளித்துவைக்க விரும்பவில்லை. பெலாகியுஸின் கடிதம் படிக்கும்போது நெஞ்சை நிமிர்த்துகிறது. ஆனால் அது யாருக்கு எழுதியது என்று பாருங்கள். செல்வம், ஓய்வு, படிப்பு, வைராக்கியம் எல்லாம் வாய்த்த ஒரு பெண்ணுக்கு. ஹிப்போவில் ஞாயிற்றுக்கிழமை அகுஸ்தீனின் பிரசங்கம் கேட்க நின்றவர்கள் வியாபாரிகள், குடியானவர்கள், மாலுமிகள். கொஞ்சம் பொய், கொஞ்சம் கோபம், கணக்கில் கொஞ்சம் கைவைப்பு என்று வாழ்கிறவர்கள். முடியும் என்றானபின் செய்யாமல் விட்ட ஒவ்வொன்றும் வேண்டுமென்றே செய்த குற்றமாகிவிடும். பெலாகியுஸின் உலகத்தில் சில்லறைப் பாவம் என்று ஒன்று கிடையாது. அகுஸ்தீனோ, பரமண்டல ஜெபத்தில் மன்னிப்புக் கேட்கும் பகுதியைக் காட்டி, அதைத் தினமும் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன், புனிதர்களும் சொல்ல வேண்டும் என்றார். கடுமையான கோட்பாடு அவருடையது. ஆனால் விழுந்து எழுகிற சாதாரண ஆட்களுக்கு அதில்தான் இடம் இருந்தது.

இனி வழக்கு வேகமாக ஊர் ஊராகப் போகிறது. பெலாகியுஸ் பாலஸ்தீனம் போய்விட்டார். 415 ஜூலையில் எருசலேமில் விசாரணை. அகுஸ்தீனின் தூதராக வந்திருந்த ஒரோசியுஸ் ஸ்பெயின்காரர். அவருக்கு லத்தீன் மட்டும்தான் வரும். பெலாகியுஸ் கிரேக்கத்தில் சரளமாகப் பேசினார். அகுஸ்தீன் இப்படி மறுத்திருக்கிறாரே என்றதற்கு, அகுஸ்தீன் எனக்கு யார் என்று கேட்டுவிட்டார். சபையில் கூச்சல். எருசலேம் ஆயர் யோவான், இங்கே நான்தான் அகுஸ்தீன் என்று சொல்லி அடக்கினாராம். அதே ஆண்டு டிசம்பரில் தியோஸ்போலிஸில் – இன்றைய லோத் – 14 ஆயர்கள் கூடி விசாரித்தார்கள். குற்றஞ்சாட்டிய கால் (Gaul) நாட்டு ஆயர்கள் இருவரும் வரவில்லை. கடவுளின் உதவியோடு பாவமில்லாமல் இருக்க முடியும் என்றேன், அப்படி வாழ்ந்த ஆள் இருக்கிறார் என்று சொல்லவில்லை என்றார் பெலாகியுஸ். செலஸ்தியுஸின் கருத்துகளைக் கைகழுவினார். விடுதலை கிடைத்தது. ஜெரோமுக்கு வயிறெரிந்தது.

ஆப்பிரிக்க ஆயர்கள் விடவில்லை. 416இல் கார்த்தேஜிலும் மிலேவிஸிலும் கூடி ரோமுக்கு எழுதினார்கள். பாப்பரசர் இன்னொசென்ட் 417 ஜனவரியில் பெலாகியுஸையும் செலஸ்தியுஸையும் விலக்கிவைத்தார். மார்ச்சில் இறந்துபோனார். அடுத்து வந்த சோசிமுஸ், செலஸ்தியுஸை நேரில் விசாரித்துவிட்டு, ஆப்பிரிக்கர்கள் அவசரப்பட்டுவிட்டதாகக் கண்டித்து எழுதினார். ஒரே ரோமிலிருந்து ஓர் ஆண்டுக்குள் இரண்டு தீர்ப்பு. அப்போதுதான் வழக்கு அரண்மனைக்குப் போனது. 418 ஏப்ரல் 30 அன்று ராவென்னாவிலிருந்து பேரரசர் ஹொனோரியுஸின் ஆணை வந்தது: பெலாகியுஸையும் செலஸ்தியுஸையும் ரோமிலிருந்து வெளியேற்று; இந்தக் கருத்தைப் பேசுகிறவனை நாடுகடத்து. மறுநாள், மே 1 அன்று, கார்த்தேஜில் இருநூறுக்கும் மேற்பட்ட ஆயர்கள் கூடி ஆதாமின் பாவம் குழந்தைகளிலும் உண்டு என்று விதி செய்தார்கள். அந்தக் கோடையிலேயே சோசிமுஸும் மனம் மாறிக் கண்டன மடல் அனுப்பினார். அரண்மனையை வளைக்க, 80 ஆப்பிரிக்கக் குதிரைகளைக் குதிரைப்படை அதிகாரிகளுக்கு அலிப்பியுஸ் வாக்களித்தார் என்று எதிர்த்தரப்பு பின்னர் குற்றஞ்சாட்டியது. குதிரை விஷயம் எதிரியின் வாக்குமூலம், அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அரசாணை வந்தது மட்டும் உண்மை. மனிதனுக்குச் சுதந்திரம் எவ்வளவு என்ற கேள்விக்கு நாடுகடத்தல் உத்தரவைக் கொண்டு விடை எழுதியதை நான் வெற்றி என்று சொல்ல மாட்டேன்.

கையெழுத்துப் போட மறுத்து 18 இத்தாலிய ஆயர்கள் நின்றார்கள். அவர்களில் எக்லானும் ஆயர் ஜூலியன், அகுஸ்தீனின் பழைய நண்பர் ஒருவரின் மகன். பெலாகியுஸைவிடக் கூர்மையான மூளை. பாவத்தைப் பிறப்போடு கட்டிப்போடும் நீங்கள் இன்னும் மானி மதத்துக்காரர்தான், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டீர்கள் என்று கிழவரைக் குத்தினார். கடவுள் தந்த காம உணர்வில் என்ன பாவம்? தானாக எதையும் விரும்பவே தெரியாத சிசுவை, யாரோ ஒருவன் செய்ததற்காகத் தண்டிப்பவர் நீதியுள்ள கடவுளா? அகுஸ்தீன் திருப்பிக் கேட்டார்: குருடாக, செவிடாக, நோயோடு குழந்தைகள் பிறப்பதைப் பார்க்கிறாயே, அவற்றிடம் எந்தக் குற்றமும் இல்லையென்றால், நீ சொல்லும் நீதியுள்ள கடவுள் ஏன் அதை விட்டுவைத்திருக்கிறார்? ஜூலியனிடம் இதற்குச் சரியான பதில் இல்லை. ஆனால், ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைக்கும் தண்டனை உண்டு, மிக லேசான தண்டனை என்று அகுஸ்தீன் எழுதியபோது, அவர் தர்க்கம் அவரையே இழுத்துக்கொண்டு போய்விட்டது. கத்தோலிக்கத் திருச்சபைக்கு அந்த முடிச்சைத் தளர்த்த நெடுங்காலம் ஆயிற்று. அத்தகைய குழந்தைகளின் மீட்புக்கு நம்பிக்கை உண்டு என்று வத்திக்கானின் இறையியல் ஆணையம் 2007இல் அறிக்கை வெளியிட்டது.

சுயசித்தம் இல்லை என்று அகுஸ்தீன் ஒருநாளும் சொல்லவில்லை. ஆதாமால் பாவம் செய்யாமல் இருக்க முடிந்தது. அவன் வழியில் வந்தவர்களால் பாவம் செய்யாமல் இருக்க முடியாது. மோட்சத்தில் இருப்பவர்களால் பாவம் செய்யவே முடியாது. இந்த மூன்று நிலைகளிலும் சித்தம் இருக்கிறது. நடு நிலையில் இருக்கும் நமக்கு, எதை விரும்புவது என்பதில் சித்தம் கோணிப்போய்விட்டது, அவ்வளவுதான். கிருபை வந்து அந்த விருப்பத்தையே நிமிர்த்துகிறது என்றார்.

இதைக் கேட்டுச் சொந்த முகாமிலேயே குழப்பம். இன்றைய துனீசியாவின் சூஸ் நகரமாகிய ஹத்ருமேத்தும் மடத்தில், 418இல் அகுஸ்தீன் ரோமுக்கு எழுதிய கடிதம் ஒன்றின் பிரதி வந்து சேர்ந்தது. படித்த துறவிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். எல்லாம் கிருபை என்றால், மடாதிபதி எங்களை ஏன் திட்ட வேண்டும்? கிருபை எங்களுக்கு வரும்படி ஜெபித்துவிட்டுப் போகட்டுமே! இரண்டு இளம் துறவிகள் ஹிப்போவுக்கே கிளம்பிவந்தார்கள். எழுபது வயதைத் தாண்டிய அகுஸ்தீன் அவர்களை ஈஸ்டர் முடியும்வரை பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் சொல்லி, கையோடு ஒரு நூலும் எழுதிக்கொடுத்து அனுப்பினார். மடாதிபதியின் கண்டிப்பும் கிருபை வரும் வழிகளில் ஒன்று என்பது பதிலின் சுருக்கம். துறவிகளுக்கு எவ்வளவு புரிந்ததோ! அடுத்து இன்னொரு நூலும் எழுத வேண்டிவந்தது.

ஜூலியனுக்கான மறுப்பு முடியும் முன்பே, வண்டால் படைகள் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த நிலையில், 430 ஆகஸ்ட் 28 அன்று அகுஸ்தீன் காலமானார். 529இல் தெற்குக் கால் நாட்டின் ஆரஞ்சு நகரில், ஒரு கோவில் அர்ச்சிப்புக்கு வந்திருந்த 14 ஆயர்கள், நல்லதை விரும்பும் முதல் அசைவுக்கே கிருபை வேண்டும் என்று அகுஸ்தீன் பக்கம் தீர்த்தார்கள். ஆனால் தீமை செய்வதற்கென்றே கடவுள் சிலரை முன்குறித்தார் என்று சொல்பவன் சபிக்கப்பட்டவன் என்றும் சேர்த்தே எழுதினார்கள்.

418க்குப் பிறகு பெலாகியுஸ் வரலாற்றில் தென்படவில்லை. பவுலின் நிருபங்களுக்கு அவர் எழுதிய உரை மட்டும் அழியவில்லை. இடைக்காலம் முழுவதும் மடங்களில் அதைப் படியெடுத்தார்கள், படித்தார்கள், பாடம் சொன்னார்கள். மேலே ஜெரோமின் பெயர் இருந்தது. தெமெத்ரியாஸுக்கு எழுதிய கடிதமும் அதே பெயரில்தான் தப்பியது. அலெக்சாண்டர் சவுட்டர் என்ற அறிஞர் பழைய கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு, அந்த உரையைப் பெலாகியுஸின் சொந்தப் பெயரில் பதிப்பித்தது 1920களில்.

(தொடரும்)